கல்லீரல் புற்றுநோய்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் பொது மருத்துவன் நான். வீட்டில் ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும் குடும்பத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை முடிவுகளைக் கல்லீரல் மருத்துவரோடு கலந்துதான் எடுக்க வேண்டும். அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

கல்லீரலில் கட்டி என்றாலே கல்லீரல் புற்றுநோய்தானா?

இல்லை. கல்லீரலில் தென்படும் பல கட்டிகள் ரத்தக்குழாய் முடிச்சுகளாகவோ நீர்க்கட்டிகளாகவோ இருக்கும். அவற்றால் பெரும்பாலும் தீங்கு இல்லை. புற்றுக்கட்டியிலும் இரண்டு வகை உண்டு. பெருங்குடல், இரைப்பை, கணையம், மார்பகம் போன்ற வேறோர் உறுப்பில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவியது ஒரு வகை. கல்லீரலிலேயே தோன்றியது மற்றொன்று. பெருங்குடலிலிருந்து பரவியதற்குப் பெருங்குடல் புற்றுக்கான மருந்துதான் தரப்படும். ஆகவே "இது கல்லீரலிலேயே தோன்றியதா, வேறிடத்திலிருந்து வந்ததா?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கல்லீரல் செல்களில் உண்டாவது. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றியே பேசுகிறேன்.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் இந்த நோய் நலமான கல்லீரலில் திடீரென்று வந்து உட்காருவதில்லை. பல ஆண்டுகளாகப் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்பட்டுத் தழும்பேறிய கல்லீரலில்தான் வருகிறது. அந்தத் தழும்பு உறுப்பு முழுவதும் பரவி, கல்லீரல் முண்டுமுண்டாக இறுகிப்போன நிலையைச் சிரோசிஸ் என்கிறோம். நம் ஊர்களில் "ஈரல் சுருங்கிவிட்டது" என்பார்கள். செத்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும்போது, அந்தப் படியெடுப்பில் பிழைகள் சேருகின்றன. சேர்ந்த பிழைகளில் ஒன்று கட்டுப்பாட்டை மீறி வளரத் தொடங்குகிறது.

புண்ணாக்கும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற இரண்டு வைரஸ்கள், நீண்ட நாள் மதுப்பழக்கம், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல். இவற்றில் ஹெபடைடிஸ் பி மட்டும் தனி ரகம். அந்த வைரஸ் தன் மரபுப் பொருளைக் கல்லீரல் செல்லின் மரபுப் பொருளுக்குள்ளேயே செருகிக்கொள்ள வல்லது. அதனால் சிரோசிஸ் வராதவருக்கும் அது புற்றை உண்டாக்கக்கூடும்.

இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. யாருக்கு வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பல புற்றுநோய்களில் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதை நாம் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

"எங்கள் அப்பச்சி வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அவருக்கு எப்படி?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கும். ஊர் என்ன நினைக்கும் என்ற கவலையும் அதில் கலந்திருக்கும். மது ஒரு காரணம் மட்டுமே. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்து, தொப்பையும் இருந்து, ஸ்கேனில் "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதியதை யாரும் பொருட்படுத்தாமல் விட்ட மனிதருக்கு, அந்தக் கொழுப்பே மெல்ல மெல்ல அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கியிருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும் இது வருவதுண்டு. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றி, அறுபது வயதுவரை எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளேயே இருந்திருக்கவும் கூடும். ஆகவே நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். குடித்தவராக இருந்தாலும் அப்படித்தான்.

நம் சமையலின் காரமும் மசாலாவும் காரணமா?

மிளகும் மிளகாயும் கல்பாசியும் கல்லீரல் புற்றை உண்டாக்குவதில்லை. மூன்று வேளையும் எண்ணெயும் இனிப்புமாக உண்டு, நடையும் குறைந்து, எடையும் சர்க்கரையும் ஏறினால் அதன் வழியாகத் தீங்கு வரலாம். நாள்தோறும் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று சற்றுக் குறைவாகவே வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக் குடித்தால் ஃபில்டர் காபிக்கு நான் தடை சொல்வதில்லை.

பூஞ்சணம் பிடித்த கடலையால் வருமா?

வரலாம். புதுக்கோட்டைப் பக்கம் நிலக்கடலை விளையும் ஊர்களில் இதைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அறுவடையான கடலை சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது கல்லீரல் செல்லின் மரபுப் பொருளை நேரடியாகக் கெடுப்பது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அந்த ஆபத்துப் பல மடங்காகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே சுருங்கி நிறம் மாறிக் கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். "செக்குக்குக் கொடுத்துவிடலாம், மாட்டுக்குப் புண்ணாக்காகட்டும்" என்று எண்ணவும் கூடாது. மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி பாலில் வந்து சேரும்.

ஹெபடைடிஸ் பி உள்ளவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். அது உணவாலோ தண்ணீராலோ தொடுவதாலோ பரவுவதில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும், ரத்தத்தாலும், சுத்திகரிக்காத ஊசி, சவரக்கத்தி போன்றவற்றாலும், உடலுறவாலும் பரவும். இந்தத் தொற்று தெரிந்ததும் வீட்டில் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்குவதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஒதுக்குவதற்குப் பதிலாக வீட்டில் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று மூன்று தவணை. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். தைவானில் 1984-ல் இந்தத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு, அங்கே சிறார்களுக்கு வரும் கல்லீரல் புற்று வெகுவாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியது அதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து கூடும் வாரத்தில், குடும்பத்தில் அனைவரும் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டு வைரஸ்களுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்லிவருகிறேன். தொற்று இருந்தால் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே முற்றிலும் நீங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி முற்றிலும் நீங்குவது அரிது. அதை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து.

தொடக்கத்தில் என்ன அறிகுறி தெரியும்?

பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கல்லீரலுக்குள் வலியை உணரும் நரம்புகள் இல்லை. கட்டி பெரிதாகி மேலுறையை இழுக்கும்போதுதான் வலது விலாவுக்குக் கீழே வலியும், சிலருக்கு வலது தோளில் வலியும் வரும். எடை குறைதல், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துபோதல், வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை ஆகியவை பெரும்பாலும் முற்றிய நிலையில் வருபவை. ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர் இதுவரை நன்றாக இருந்து திடீரென்று மோசமானால், உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், பேச்சில் குழப்பம், தாங்க முடியாத வயிற்று வலி ஆகியவற்றில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அறிகுறி வராது என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன், அதோடு ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. எந்தக் காரணத்தால் சிரோசிஸ் வந்திருந்தாலும் இது வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் நடுவயதைக் கடந்தவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்று வந்திருந்தவர்களுக்கும் சிரோசிஸ் இல்லாவிட்டாலும் இது வேண்டும். ஹெபடைடிஸ் சி நீங்கிவிட்டது என்று மகிழ்ந்து ஸ்கேனை நிறுத்திவிடக் கூடாது. சிரோசிஸ் இருந்தால் கண்காணிப்புத் தொடர வேண்டும். ஏ.எஃப்.பி. அளவு சரியாக இருக்கிறது என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. கல்லீரல் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது உயர்வதே இல்லை.

ஆறு மாதக் கணக்கு மறந்துபோகிறது என்பார்கள். அவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்வேன்: பழனிக்குத் தைப்பூச நடைப்பயணம் போய்த் திரும்பியதும் ஒரு ஸ்கேன், ஆடி பிறந்ததும் ஒரு ஸ்கேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, நான்கு கட்டு வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் குடும்பங்களில், ஆடியும் தையும் வரும்போது தொலைபேசியில் நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்று என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள, கல்லீரலுக்கு ரத்தம் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான உறுப்புகளைப் போலன்றிக் கல்லீரலுக்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கு ரத்தத்தைக் கொண்டுவருகிறது. தமனி கால் பங்கைக் கொண்டுவருகிறது. நலமான பகுதி பெரும்பாலும் சிரை ரத்தத்தில் வாழ்கிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தையே உறிஞ்சி வளர்கிறது. சாயமருந்தை ஊசியில் செலுத்தி, நொடிக் கணக்கு வைத்துப் பல கட்டங்களாக சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது, சாயம் தமனியில் வரும் கட்டத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்கிறது. சிரை வழியாகச் சாயம் வந்து கல்லீரல் முழுவதும் வெளுக்கும் கட்டத்தில் கட்டி மட்டும் மங்கிப்போகிறது. சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இந்த இரண்டு தன்மைகளையும் காட்டினால் அதுவே போதுமான சான்று. படம் ஐயத்துக்கு இடமாக இருந்தாலோ, சிரோசிஸ் இல்லாதவராக இருந்தாலோ சதைப் பரிசோதனை தேவைப்படும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஊசி சென்ற தடத்தில் செல்கள் ஒட்டுவது மிகச் சிலருக்கு நேர்கிறது. அதனால்தான் தேவையில்லாத இடத்தில் அதைத் தவிர்க்கிறார்கள்.

கட்டி சிறியதுதான் என்கிறார்கள். பிறகு ஏன் அறுவை சிகிச்சை முடியாது?

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்பி, மருத்துவரை மாற்றி மாற்றி அலைகின்றன. இந்த நோயாளிக்கு இருப்பது ஒரு நோயன்று, இரண்டு: புற்று ஒன்று, பழுதான கல்லீரல் மற்றொன்று. கட்டியை வெட்டி எடுத்தபின் எஞ்சிய கல்லீரல் உடலைத் தாங்க வேண்டும். ஆகவே ரத்தத்தில் பிலிருபின் (காமாலையைக் காட்டும் நிறமி), அல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்), ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்துக் கல்லீரலின் வலிமையை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். 'ஏ' பிரிவினர் அறுவையைத் தாங்கக்கூடும். 'சி' பிரிவினருக்குச் சிறு கட்டியை எடுத்தாலும் கல்லீரல் செயலிழந்து உயிர் போகலாம். "எந்தப் பிரிவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியின் அளவைவிடச் சில வேளைகளில் அந்த ஓர் எழுத்துத்தான் வழியைத் தீர்மானிக்கிறது.

முழுமையாகக் குணமாக்கும் சிகிச்சைகள் எவை?

மூன்று உண்டு. கல்லீரல் வலுவாக இருந்தால் கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுப்பது ஒன்று. சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியானால் தோல் வழியாக ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோ அலையாலோ சுட்டுப் பொசுக்குவது மற்றொன்று. இந்த இரண்டுக்குப் பிறகும் பழுதான கல்லீரல் உள்ளேயே இருப்பதால் புதிய கட்டி தோன்றும் வாய்ப்பு மிகுதி. வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வருகிறது. ஆகவே "குணமாகிவிட்டது" என்று ஸ்கேனை விட்டுவிட முடியாது.

மூன்றாவது, கல்லீரல் மாற்று. புற்றையும் பழுதான கல்லீரலையும் ஒருசேர நீக்குவது இது ஒன்றுதான். இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1996-ல் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரே கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், மூன்று கட்டிவரை என்றால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாய்க்குள்ளோ கல்லீரலுக்கு வெளியிலோ பரவாதிருக்க வேண்டும்.

மகனோ மகளோ கல்லீரல் தரலாமா?

தரலாம். நம் நாட்டில் பெரும்பாலான கல்லீரல் மாற்றுகள் உயிருள்ள உறவினர் தருவதால்தான் நடக்கின்றன. கல்லீரலின் ஒரு பகுதியை எடுத்தாலும், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சில மாதங்களில் அது வளர்ந்து தேவையான அளவை எட்டிவிடும். பின்னர்த் திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர் நெருங்கிய உறவினர். மற்றவர்கள் தர முன்வந்தால் அதற்கான குழுவின் அனுமதி வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைப் பெற, மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் மருத்துவமனை வழியாகப் பதிந்து காத்திருக்க வேண்டும்.

விமானம் ஏறி வந்த மகனைப் பரிசோதித்தால் அவருக்கே கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரிந்து, தர முடியாமல் போவதுண்டு. அவர் எடையைக் குறைத்துச் சில வாரங்களில் தகுதி பெறவும் முடியும். மனம் தளர வேண்டாம். கொடுப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பிள்ளையையும், குறிப்பாகப் புகுந்த வீட்டில் இருக்கும் மகளையோ வீட்டுக்கு வந்த மருமகளையோ, வற்புறுத்தாதீர்கள்.

கட்டிக்கு ரத்தத்தை அடைப்பது என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன இரண்டு வாய்க்கால் கணக்குத்தான் இதற்கும் அடிப்படை. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையைத் தேடிப் பிடித்து, அதில் புற்று மருந்தைக் கொடுத்து அடைத்துவிடுகிறார்கள். கட்டி பட்டினி கிடக்கிறது. சிரை ரத்தத்தில் வாழும் மற்றப் பகுதி பெருமளவு தப்பிக்கிறது. பல கட்டிகள் உள்ள, ரத்தக்குழாய்க்குள் பரவாத நிலைக்கு இது ஏற்றது. மாற்று அறுவைக்குக் காத்திருக்கும்போது கட்டி வளராமல் நிறுத்தவும் உதவும். அடுத்த சில நாள் காய்ச்சலும் வலியும் குமட்டலும் இருக்கும். இதேபோல் கதிர்வீச்சுத் துகள்களைத் தமனி வழியாகச் செலுத்துவதும், வெளியிலிருந்து குறிபார்த்துக் கதிர்வீச்சுத் தருவதும் உண்டு.

நோய் பரவிவிட்டது என்றால் வழியே இல்லையா?

2007-க்கு முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு சொராஃபெனிப் என்ற மாத்திரை வந்தது. 2018-ல் லென்வாடினிப் வந்தது. 2020 முதல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தருவது முதன்மைச் சிகிச்சையாகியிருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் இவ்வகை மருந்துகள் பலருக்கு ஆயுளை நீட்டிக்கின்றன; எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் உள்ளனவா என்று முன்னதாக எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும்.

சொராஃபெனிப் தொடக்கத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விற்றது. 2012-ல் இந்திய அரசின் காப்புரிமை அலுவலகம் காப்புரிமையாளரின் இசைவில்லாமலே பிறர் மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கும் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை வழங்கி, உள்நாட்டு நிறுவனம் ஒன்று 8,800 ரூபாய்க்கு விற்க வழிசெய்தது. பணம் இல்லாத ஒரே காரணத்தால் மருந்தில்லாமல் திரும்பும் நோயாளியின் முகத்தைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் அந்த ஆணையின் பெருமை தெரியும்.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஆயாக்கள் காலத்து நம்பிக்கை. அதை நான் எள்ளி ஒதுக்கவில்லை, அறிவியலும் ஒதுக்கவில்லை. சென்னையில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்து, நல்ல பலன் கண்டதாக 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் என்பவரும் அதில் பங்கேற்றார். பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. புற்றுக்கட்டியைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. என்னை அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் லேகியமும். பழுதான கல்லீரலுக்கு அவை பெரும் சுமை. "மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்போம்" என்ற அந்த மூன்று மாதத்தில், சுட்டுப் பொசுக்கக்கூடிய இரண்டு சென்டிமீட்டர்க் கட்டி கைமீறிப் போகலாம்.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

பத்தியம் என்ற பெயரில் கஞ்சி மட்டும் கொடுத்துப் பட்டினி போடாதீர்கள். சிரோசிஸ் உள்ளவருக்குச் சதை கரைவதே பெரிய கேடு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் தரலாம். படுக்கப்போகும் முன் சிறிது உணவு கொடுப்பது நல்லது, இரவு முழுவதும் வெறும் வயிறாக இருந்தால் உடல் தன் தசையையே தின்னும். வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறையுங்கள்: ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. மது அறவே கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தக்கசிவையும் உண்டாக்கும். பாராசிட்டமால் மருத்துவர் சொன்ன குறைந்த அளவில் பாதுகாப்பானது.

நோயாளியிடம் சொல்லாமல் மறைக்கலாமா?

"அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் வட்டிக்கணக்கும் வணிகக்கணக்கும் பார்த்து ஒரு குடும்பத்தையே நடத்திய மனிதருக்குத் தன் உடம்பின் கணக்கு மட்டும் தெரியக்கூடாதா? பெரும்பாலோர் ஊகித்துவிடுகிறார்கள், பிள்ளைகள் நோகக்கூடாது என்று தெரியாதவர்போல் நடிக்கிறார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்கு உண்மையைச் சொல்வதே என் வழக்கம்.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

முதல் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் காரைக்குடியிலேயே முடித்துக்கொள்ளலாம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மேற்கொண்டு பார்க்கலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவையும் செய்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கியது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். நீங்கள் செய்துகொள்ளப்போகும் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சி.டி. படத்தின் குறுந்தகட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

இனிச் சிகிச்சை பலன் தராது என்றால்?

அப்போதும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. வயிற்றில் கோத்த நீரை எடுத்து மூச்சுத்திணறலைக் குறைக்கலாம். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் மூளைக் குழப்பத்தைத் தள்ளிப்போடலாம். வலிக்கு மார்ஃபினைக் குறைந்த அளவில் கவனமாகத் தரலாம். அதற்கு அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சி வலியில் துடிக்கவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள்; உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வைத்தால் வருவார்கள்.